மென்பவளத் தொட்டியும் ஹன்னா எச்ஐ774 பாஸ்பேட் மானியும்: இரண்டாண்டுப் பயன்பாட்டிற்குப் பின் ஒரு மதிப்புரை

சிங்கப்பூரில் எங்கள் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் கூடத்தில், வெயில் படாத சுவர் ஓரமாக, மூன்றடி நீளக் கடல்நீர்த் தொட்டி ஒன்றை ஐந்தாண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். கீழே உள்ள சம்ப் எனும் வடிகட்டித் தொட்டியையும் சேர்த்தால் ஏறத்தாழ 200 லிட்டர் தண்ணீர். தொட்டியில் கல்பவளம் ஒன்றுகூட இல்லை. டோட்ஸ்டூல் என்று அழைக்கப்படும் காளான் வடிவத் தோல்பவளம் இரண்டு, விரல் விரலாகக் கிளைக்கும் சைனுலேரியா ஒன்று, ஓயாமல் கைகளை மூடித் திறக்கும் சீனியா ஒரு கொத்து, பின்கண்ணாடியில் பாய்போலப் படர்ந்திருக்கும் பச்சை நட்சத்திரப் பாலிப்புகள், பாறை இடுக்குகளில் சில டிஸ்கோசோமாக்கள், இவ்வளவுதான். (டிஸ்கோசோமாவை மென்பவளம் என்று கடைகளில் சொல்வார்களே தவிர, உயிரியல்படி அது வேறு குடும்பம். உண்மையான மென்பவளத்தின் பாலிப்பு, அதாவது பூப்போன்ற தனி உயிர், ஒவ்வொன்றுக்கும் இறகுபோல் பிரிந்த எட்டுக் கைகள் இருக்கும். உருப்பெருக்கி வைத்துப் பார்த்தால் எண்ணிவிடலாம்.)

மென்பவளங்கள் எதையும் தாங்கும், புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஏற்றவை என்று எல்லோரும் சொல்வார்கள். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் அவை எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்பதை நான் தலைகீழாகப் புரிந்துவைத்திருந்தேன். அழுக்குத் தண்ணீரே அவற்றின் பகை என்று எண்ணி, தண்ணீரைச் சுத்தம் செய்வதிலேயே மூன்றாண்டுகளைக் கழித்தேன். அந்தத் தவற்றை எனக்குக் காட்டிக்கொடுத்தது கைக்குள் அடங்கும் ஒரு சிறிய கருவி. மீன் உணவிலிருந்தும் கழிவிலிருந்தும் தண்ணீரில் சேரும் சத்தான பாஸ்பேட்டின் அளவு ஏறிவிட்டதைக் கண்டுபிடிக்கும் கருவி என்றே அதைப் பலரும் வாங்குகிறார்கள். அளவு இறங்கிவிட்டதைக் கண்டுபிடிக்கவே அது மென்பவளம் வளர்ப்பவர்களுக்கு அதிகம் தேவைப்படுகிறது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் ஆண்டின் நடுவில் பெரிய டோட்ஸ்டூலின் பாலிப்புகள் உள்ளே சென்றுவிட்டன. இந்தப் பவளம் அவ்வப்போது தோலுரிக்கும் இயல்புடையது. மேற்பரப்பில் மெழுகு பூசியதுபோல ஒரு படலம் உண்டாகும், சில நாள் மூடிக்கிடக்கும், பிறகு அந்தப் படலத்தை நீரோட்டம் உரித்துக்கொண்டு போனதும் முன்னைவிடச் செழிப்பாக விரியும். அதனால் முதல் வாரம் நான் கவலைப்படவில்லை. இரண்டாம் வாரம் நீரோட்டத்தைச் சற்று அதன் பக்கம் திருப்பினேன். மூன்றாம் வாரமும் மெழுகுப் படலம் எதுவும் உண்டாகவில்லை, தொப்பியின் ஓரம் உட்புறமாகச் சுருளத் தொடங்கியது, நிறம் தேன்பழுப்பிலிருந்து வெளிறிய மஞ்சளுக்கு மாறியது. "அப்பா, காளான் இன்னிக்கும் எழுந்திரிக்கலையா?" என்று என் மகள் பள்ளிக்குப் போகுமுன் தினமும் கேட்பாள். ஐந்தாம் வாரம் சீனியாவின் அடிப்பகுதி கரைந்து, கொத்தில் பாதி ஒரே இரவில் காணாமற்போனது.

உப்பளவு ஆயிரத்துக்கு 35, வெப்பநிலை குளிர்விப்பானின் தயவில் 26 டிகிரி, காரத்தன்மை 8.5 டிகேஎச், நைட்ரேட் 10க்கும் 15 பிபிஎம்முக்கும் (பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு) இடையில். எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. பாஸ்பேட்டை மட்டும் வண்ண அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் சொட்டுமருந்துச் சோதனையால் அளந்துகொண்டிருந்தேன். அந்த அட்டையின் முதல் கட்டம் 0, அடுத்த கட்டம் 0.25. குப்பியில் வரும் வெளிர்நீலம் எப்போதும் அந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ நிற்கும். அதிலும் ஒரு கூடுதல் இடர்ப்பாடு உண்டு. மாலை ஏழு மணிக்குமேல் தொட்டியின் நீலநிற எல்இடி விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும்போது அறை முழுவதும் நீலமாக இருக்கும். அந்த வெளிச்சத்தில் வெளிர்நீலத்தை அட்டையோடு ஒப்பிட்டால் எந்த விடை வேண்டுமோ அந்த விடை கிடைக்கும். கொஞ்சம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. ஆகவே பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு மணிகளை, ஜிஎஃப்ஓ என்று நாம் சொல்வதை, ஒரு குழாயில் போட்டு மாதக்கணக்கில் இடைவிடாமல் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

இதே ஆர்வம் கொண்ட நண்பர் ஒருவர் தம்முடைய ஹன்னா மானியைக் கொண்டுவந்து அளந்தார். 0.00. மறுபடியும் அளந்தோம். 0.00. குப்பியை மாற்றி மூன்றாம் முறை அளந்தோம். அதே விடைதான். அடுத்த வாரமே எனக்கென்று ஒன்று வாங்கினேன்.

ஹன்னா இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் 1978இல் இத்தாலியில் தொடங்கப்பட்ட அளவைக் கருவி நிறுவனம். செக்கர் என்ற வரிசையில் ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் ஒவ்வொரு மானி என்று தனித்தனியாக விற்கிறார்கள். பாஸ்பேட்டுக்கே ஒன்றுக்கு மேற்பட்ட மாதிரிகள் இருப்பதால் வாங்கும்போது எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும். எச்ஐ713 என்பது 2.50 பிபிஎம் வரை அளக்கும், ஆனால் அதன் பிழை வரம்பே 0.04. நமக்கு வேண்டிய அளவு 0.03 முதல் 0.10 வரை இருக்கையில், 0.04 பிழையோடு அளப்பதில் பொருளில்லை. எச்ஐ736 நுட்பமானது, ஆனால் அது பாஸ்பேட்டைக் காட்டாமல் பாஸ்பரஸைப் பிபிபி (நூறு கோடியில் ஒரு பங்கு) அலகில் காட்டும். திரையில் வரும் எண்ணை 3.066 ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுக்க வேண்டும். திரையில் 16 என்று வந்தால் பாஸ்பேட் 0.049 பிபிஎம். இரவு பத்து மணிக்கு ஈரக்கையோடு நின்று இந்தக் கணக்கைப் போடப் பிடிக்காதவர்களுக்காகவே வந்ததுபோல எச்ஐ774 அமைந்திருக்கிறது. 0.00 முதல் 0.90 பிபிஎம் வரை, பாஸ்பேட்டாகவே, 0.01 வரையான நுட்பத்தில் காட்டும். நான் வைத்திருப்பதும் பரிந்துரைப்பதும் இதைத்தான்.

பெட்டியில் மானியோடு மூடியுள்ள இரண்டு கண்ணாடிக் குப்பிகளும், தொடங்கிப் பார்க்கச் சில பொடிப் பொட்டலங்களும், ஒரு ஏஏஏ பேட்டரியும் இருக்கின்றன. மானிக்கு ஒரே ஒரு பொத்தான். அளக்கும் முறை இதுதான். தொட்டித் தண்ணீரால் குப்பியை இரண்டு முறை அலசிவிட்டு, 10 மில்லிலிட்டர் கோடு வரை நிரப்பி, மூடி, வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்து உள்ளே வைத்துப் பொத்தானை அழுத்தினால் அதைப் பூச்சியமாக எடுத்துக்கொள்கிறது. பிறகு குப்பியை வெளியே எடுத்து, ஒரு பொட்டலப் பொடியை முழுவதுமாகக் கொட்டி, இரண்டு நிமிடம் மெதுவாகக் குலுக்கி, திரும்ப வைத்துப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் திரையில் மூன்று நிமிடம் பின்னோக்கி ஓடும். அது முடிந்ததும் எண் வரும். வைட்டமின் சி என்று நாம் அறிந்த அஸ்கார்பிக் அமிலத்தைக் கொண்டு பாஸ்பேட்டை நீலநிறமாக்கும் பழைய ஆய்வுக்கூட முறைதான் இது. அந்த நீலம் எவ்வளவு ஒளியைத் தடுக்கிறது என்பதை நம் கண்ணுக்குப் பதிலாக ஒரு உணரி பார்க்கிறது. கூடத்தில் நீல விளக்கு எரிந்தாலும் அதற்குக் கவலையில்லை.

முறை எளிதென்றாலும் கைப்பக்குவம் தேவை என்பதை மறைக்க முடியாது. முதல் மாதம் எனக்கு ஒரே தண்ணீரில் 0.02, 0.07, 0.03 என்று தாறுமாறாக எண்கள் வந்தன. காரணங்களை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தேன். முதற்காரணம் பொடி. பொட்டலம் சிறியது, அதன் வாய் குறுகலானது, குப்பியின் வாய் அதைவிடக் குறுகலாகத் தோன்றும். ஈரக்கையால் கிழித்தால் பொடி ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். இப்போது கையை நன்கு உலர்த்தி, பொட்டலத்தைச் சுண்டிப் பொடியை அடியில் சேர்த்து, ஒரு பக்கத்தைக் கத்தரிக்கோலால் முழுவதும் வெட்டி, வாயைப் பால் புகட்டும் சங்குபோலக் குவித்துக் கொட்டுகிறேன். கொட்டிய பின் பொட்டலத்தின் முதுகில் இரண்டு தட்டு. இரண்டாவது, விரல்ரேகை. உப்புநீர் பட்ட விரலால் குப்பியைத் தொட்டால் கண்ணாடியில் படியும் மங்கலைக்கூட மானி பாஸ்பேட்டாகக் கணக்கிட்டுவிடுகிறது. மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணி ஒன்றை இதற்கென்றே வைத்திருக்கிறேன். மூன்றாவது, காற்றுக்குமிழி. வேகமாகக் குலுக்கினால் குமிழிகள் கண்ணாடிச் சுவரில் ஒட்டிக்கொண்டு எண்ணை உயர்த்திக் காட்டும். குப்பியைத் தலைகீழாக்கி, நிமிர்த்தி, நிதானமாகச் செய்தால் துகள் கரைந்துவிடும், குமிழி ஒட்டாது. அந்த இரண்டு நிமிடம் இப்போது என் மகளுடைய பொறுப்பு. நூற்றிருபது வரை எண்ணிவிட்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "தூள் இல்லப்பா" என்று சொன்ன பிறகே மானிக்குள் வைப்போம்.

இன்னும் ஒன்று: பூச்சியம் எடுத்த அதே குப்பியிலேயே பொடியையும் போட வேண்டும். இரண்டு குப்பிகள் தந்திருக்கிறார்களே என்று ஒன்றைப் பூச்சியத்துக்கும் மற்றொன்றை அளவைக்கும் வைத்துக்கொண்டால், இரண்டு கண்ணாடிகளுக்கும் உள்ள நுண்ணிய வேறுபாடு அப்படியே விடையில் சேர்ந்துவிடும். குப்பியில் உள்ள கோட்டை ஒவ்வொரு முறையும் ஒரே திசையில் பார்க்க வைப்பதும் நல்லது. இவ்வளவையும் கடைப்பிடித்த பிறகு, ஒரே தண்ணீரை அடுத்தடுத்து அளந்தால் 0.01க்கு மேல் வேறுபாடு வருவது அரிதாகிவிட்டது.

இங்கே எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இந்த மானியின் பிழை வரம்பாக நிறுவனமே அறிவித்திருப்பது 0.02 பிபிஎம், அதோடு காட்டும் எண்ணில் ஐந்து விழுக்காடு. அதாவது திரையில் 0.05 என்று வந்தால் உண்மையான அளவு ஏறத்தாழ 0.03க்கும் 0.07க்கும் இடையில் இருக்கலாம். 0.01 என்று வந்தால் பாஸ்பேட் அறவே இல்லாமலும் இருக்கலாம், 0.03 இருந்து பவளங்கள் நலமாகவும் இருக்கலாம். ஆகவே ஒற்றை எண்ணைப் பார்த்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது. மூன்று நான்கு அளவைகளை நாட்குறிப்பில் எழுதி, அது ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்த பிறகே கையை வைக்க வேண்டும். இதைக் குறையாக நான் சொல்லவில்லை. இந்த விலையில் வீட்டு மேசையில் இவ்வளவு நுட்பம் கிடைப்பதே பெரிது. ஆனால் இரண்டு தசமப் புள்ளிகளைப் பார்த்ததும் அது கடைசிச் சொல் என்று நம்பிவிடும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு.

பாஸ்பேட் பூச்சியமானால் மென்பவளத்துக்கு ஏன் ஆகாது? அதன் திசுவுக்குள் குடியிருக்கும் ஜூசாந்தெல்லே என்னும் நுண்பாசிதான் ஒளியைக் கொண்டு உணவு சமைத்து அதற்கு ஊட்டுகிறது. அந்தப் பாசியின் மரபணுவிலும், ஆற்றலைச் சுமக்கும் ஏடிபியிலும், உயிரணுச் சவ்விலும் பாஸ்பரஸ் இருக்கிறது. அது கிடைக்காவிட்டால் பாசி நலிகிறது, பவளம் வெளிறுகிறது. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் யோர்க் வீடன்மான் தலைமையிலான குழு 2013இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கூர்மையான ஒன்றைக் காட்டியது. நைட்ரேட் மிகுந்து, பாஸ்பேட் குறைந்த தண்ணீரில் இருக்கும் பவளங்களின் பாசிகள் பாஸ்பேட் பஞ்சத்துக்கு ஆளாகி, அவற்றின் சவ்வுகளின் கொழுப்பு அமைப்பே மாறி, வெப்பத்துக்கும் ஒளிக்கும் எளிதில் இரையாகி வெளிறுகின்றன. அவர்கள் ஆராய்ந்தவை கல்பவளங்கள். ஆயினும் உள்ளே குடியிருக்கும் பாசிகள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. நைட்ரேட் 15, பாஸ்பேட் 0 என்று என் நாட்குறிப்பில் இருந்த வரியைப் பார்த்தபோது, நான் சுத்தம் என்று நினைத்துச் செய்ததெல்லாம் என்ன என்று விளங்கியது.

இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. சிங்கப்பூரின் தென் தீவுகளில், புலாவ் ஹந்துவைப் போன்ற இடங்களில், நீர் வற்றும் காலைப்பொழுதில் பார்த்தால் தோல்பவளங்களும் சைனுலேரியாக்களும் சேற்றுக் கலங்கலில் கொழுகொழுவென்று விரிந்து கிடக்கும். கப்பல்கள் ஓயாது போய்வரும் அந்தக் கடலில் ஒளி சில மீட்டர் ஆழத்துக்குமேல் இறங்குவதில்லை. கண்ணாடிபோல் தெளிந்த தண்ணீர்தான் மென்பவளத்தின் வீடு என்று நான் எங்கிருந்து கற்றுக்கொண்டேன் என்று அங்கே நின்று யோசித்திருக்கிறேன்.

மீட்பு மெதுவாகத்தான் நடந்தது. இரும்பு ஆக்சைடு மணிகளை நிறுத்தினேன். மீன்களுக்கு ஒருவேளையாக இருந்த உணவை இருவேளையாக்கினேன். உறைந்த மைசிஸ் இறாலை அலசாமல், உருகிய சாற்றோடு அப்படியே ஊற்றினேன். 200 லிட்டர் தண்ணீரில் பாஸ்பேட்டை 0.05 உயர்த்த வெறும் 10 மில்லிகிராம் போதும் என்று கணக்குச் சொல்கிறது. ஒரு கல் உப்பின் கனம்கூட இல்லை. ஆனால் மூன்று வாரம் மானி 0.00, 0.02, 0.01 என்றே காட்டிக்கொண்டிருந்தது. காரணம் பாறைகள். சுண்ணாம்புப் பாறை பாஸ்பேட்டைத் தன் மேற்பரப்பில் பிடித்து வைத்துக்கொள்ளும். நீண்ட காலம் பாஸ்பேட் இல்லாமல் கிடந்த பாறை முதலில் தன் பங்கை எடுத்துக்கொண்ட பிறகே தண்ணீருக்கு மிச்சம் விடும். மானி இல்லாதிருந்தால் இந்த மூன்று வாரத்தில் பொறுமையிழந்து எதையாவது அதிகமாகக் கொட்டியிருப்பேன். நான்காம் வாரம் 0.04 வந்தது. அதற்கு ஆறு நாள் கழித்து டோட்ஸ்டூலின் ஓரத்தில் நாலைந்து பாலிப்புகள், அரிசிநுனி அளவில், எட்டிப் பார்த்தன. அதே காலத்தில் விளக்கின் ஒளி அளவையும் மூன்றில் ஒரு பங்கு குறைத்திருந்தேன். ஆகவே பலன் முழுவதும் பாஸ்பேட்டினால்தான் என்று சாதிக்க மாட்டேன். வெளிறிய பவளத்தை வலுத்த ஒளியின்கீழ் வைக்கக் கூடாது என்பதால் இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டியிருந்தது. இரண்டு மாதத்தில் தேன்பழுப்பு திரும்பியது. சீனியா, எஞ்சிய நான்கு தண்டுகளிலிருந்து இப்போது பழைய கொத்தைவிடப் பெரிதாகிவிட்டது.

வாங்கிய பிறகு இந்த மானிக்கு நான் எதிர்பாராத வேலைகளும் கிடைத்தன. மென்பவளத் தொட்டியில் தூண்டுகரி போடுவது கிட்டத்தட்டக் கட்டாயம். சைனுலேரியாவும் டோட்ஸ்டூலும் ஒன்றையொன்று அடக்க டெர்பீன் வகை வேதிப்பொருள்களைத் தண்ணீரில் கசியவிடுகின்றன, அவற்றைக் கரிதான் உறிஞ்சி எடுக்கிறது. ஆனால் சில கரிகள் பாஸ்பாரிக் அமிலம் கொண்டு பதப்படுத்தப்பட்டவை. அவை தொட்டிக்குள் பாஸ்பேட்டை விடக்கூடும். புதிதாகக் கரைத்த உப்புநீரில் ஒரு கரண்டிக் கரியை ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் அந்தத் தண்ணீரை அளந்தால் உண்மை தெரிந்துவிடும். ஊறவைக்குமுன் ஒருமுறை அளந்து வைத்துக்கொள்ள மறக்கக் கூடாது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் செய்யப்படும் தேங்காய்ச் சிரட்டைக் கரியை நான் இப்படிச் சோதித்தபோது இரண்டு அளவையும் ஒன்றாகவே வந்தன. அன்றுமுதல் அதையே பயன்படுத்துகிறேன். ஆர்ஓடிஐ (வடிகட்டித் தூய்மையாக்கிய) தண்ணீரில் கரைத்த புது உப்புநீரையும் அவ்வப்போது இப்படிப் பார்த்துக்கொள்கிறேன். வடிகட்டியின் பிசின் தீர்ந்துபோனால் அதுவும் ஒரு பாஸ்பேட் வாசலாகிவிடும்.

பாஸ்பேட் ஏறும் பக்கத்தையும் சொல்ல வேண்டும். சென்ற டிசம்பரில் இரண்டு வாரம் ஊருக்குப் போயிருந்தபோது மீன்களுக்கு உணவு போட்டவர் அன்பு மிகுதியால் அள்ளிப் போட்டுவிட்டார். திரும்பி வந்து அளந்தால் 0.31. மென்பவளங்கள் அதைப் பொருட்படுத்தவே இல்லை, கண்ணாடியில்தான் பாசி ஏறியிருந்தது. முன்பாக இருந்தால் அன்றைக்கே ஜிஎஃப்ஓ குழாயைத் திறந்திருப்பேன். இம்முறை உணவைக் குறைத்து, வாரம் பத்து விழுக்காடு தண்ணீரை மாற்றி, ஆறு வாரத்தில் 0.10க்கு இறக்கினேன். எந்தப் பவளமும் ஒரு நாள்கூட மூடவில்லை. அளவு எதுவாக இருந்தாலும் திடீரென்று மாறுவதுதான் அவற்றுக்குப் பிடிக்காது.

இனி, குறைகள். முதலாவது, ஓயாத செலவு. மானி ஒருமுறைச் செலவு, பொடி அப்படியல்ல. 25 பொட்டலங்கள் கொண்ட ஒரு தொகுதி, வாரம் ஒருமுறை அளப்பவருக்கு ஆறு மாதம் வரும். தொட்டி தடுமாறும் காலத்தில் மூன்று நாளுக்கு ஒருமுறை அளந்தால் இரண்டரை மாதத்தில் தீர்ந்துவிடும். இரண்டாவது, வரம்பு. 0.90க்கு மேல் போனால் இதனால் காட்ட முடியாது. நிறைய மீன் வைத்து நிறைய உணவு போடும் மென்பவளத் தொட்டிகளில் அது நடக்கக்கூடியதே. பாஸ்பேட் இல்லாத புது உப்புநீரோடு சரிபாதி கலந்து அளந்து, விடையை இரண்டால் பெருக்கிக்கொள்ளலாம். நுட்பம் குறையும், மதிப்பீடு கிடைக்கும். மூன்றாவது குறை மானியின் குறையல்ல, அளவையின் இயல்பு. தண்ணீரில் கரைந்து நிற்கும் பாஸ்பேட்டை மட்டுமே இது காட்டும். பாறையெங்கும் பச்சைப்பாசி மண்டிய தொட்டியில் 0.00 வந்தால், பாஸ்பேட் இல்லை என்று பொருளல்ல, வருவதையெல்லாம் பாசி உடனுக்குடன் தின்றுவிடுகிறது என்று பொருள். அங்கே பாஸ்பேட்டைக் கூட்டப் போனால் கேடுதான் விளையும். எண்ணையும் பாறையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நைட்ரேட்டுக்கு ஒரு சோதனை தனியாக வைத்துக்கொள்வதும் அதனால்தான் தேவை. ஒன்றை மட்டும் அறிந்து மற்றதை ஊகிப்பது, நான் முன்பு செய்த தவறுக்கே திரும்பக் கொண்டுபோய் விடும்.

மீன் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இது தேவையில்லை. அவர்களுக்கு வண்ண அட்டையே போதும். நான்கைந்து டிஸ்கோசோமாவோடு ஒரு சிறு தொட்டி வைத்து, வாரந்தோறும் தண்ணீர் மாற்றி, பாஸ்பேட் உறிஞ்சி எதையும் போடாதவர்களும் இந்தப் பணத்தை நல்ல நீரோட்ட மோட்டாருக்குச் செலவிடலாம். ஆனால் ஜிஎஃப்ஓ, லாந்தனம் குளோரைடு போன்று பாஸ்பேட்டை அகற்றும் எதையாவது தண்ணீரில் சேர்ப்பவர்கள் இந்த மானி இல்லாமல் அவற்றைத் தொடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. பெரிய ஸ்கிம்மரும் (கழிவை நுரையாக்கி அகற்றும் கருவி) குறைந்த மீன்களுமாக மென்பவளம் வைத்து, அவை காரணமில்லாமல் சுருங்குகின்றன என்று வருந்துபவர்கள் வேறெதையும் வாங்குமுன் இதைத்தான் வாங்க வேண்டும். (இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு சொல்: அங்கே கல்பவளங்களும் கடல்விசிறிகளும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்டவை. கடையில் எந்தப் பெயரில் விற்றாலும், எது என்று உறுதியாகத் தெரியாத பவளத்தை வாங்க வேண்டாம்.)

வாங்கும்போது பொடித் தொகுதியின் காலாவதி நாளைப் பார்த்து வாங்குங்கள். மலிவு என்று இரண்டு மூன்று தொகுதிகளைச் சேர்த்து வாங்கி அடுக்கிவைப்பதில் பயனில்லை. நம் ஊர் ஈரக்காற்றில் பொட்டலங்களைத் தொட்டிக்குக் கீழே உள்ள அலமாரியில் வைக்காமல், மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா பையோடு வேறு அறையில் வையுங்கள். குப்பிகளை அளந்து முடித்தவுடன் ஆர்ஓடிஐ தண்ணீரால் அலசிக் கவிழ்த்துவிடுங்கள். நீலக்கறை ஒருமுறை காய்ந்து ஒட்டிவிட்டால் தேய்த்து எடுக்கும்போது கண்ணாடியில் கீறல் விழும், கீறல் விழுந்த குப்பியால் பிறகு பயனில்லை. சந்தேகம் வந்தால் மானியைச் சரிபார்க்க அதே நிறுவனம் விற்கும் அளவைக் குப்பிகள் உண்டு. நான் ஆண்டுக்கு ஒருமுறை நண்பருடைய மானியோடு ஒரே தண்ணீரை ஒரே வேளையில் அளந்து ஒப்பிட்டுக்கொள்கிறேன். சென்ற மாதம் அவருடையது 0.07, என்னுடையது 0.06.